பூசைக்கு மட்டும் வெளியே வந்த லேப்டாப்

டேய்,

பீரோவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது அந்துருண்டை வாசனைதான். பட்டுப்புடவைக்கும் நிலப் பட்டாவுக்கும் என்ன வாசனையோ அதே வாசனை, நீ என் மகளுக்கென்று பெங்களூர் முழுக்கத் தேடிக் கொண்டுவந்த அந்தச் சின்ன லேப்டாப்புக்கும். துண்டில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு, கவருக்குள் இரண்டு உருண்டைகளையும் போட்டு வைத்திருந்தேன். பூச்சி அரிக்கக் கூடாதாம். லேப்டாப்பை எந்தப் பூச்சிடா அரிக்கும் என்று நீ கேட்டிருப்பாய். கேட்டதோடு விடாமல், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

உன்னை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு மட்டும் நீ டேய். கடையில் ஆள் இருந்தால் நானும் மரியாதையாகப் பாய் என்பேன். ஆள் நகர்ந்ததும் டேய் ஆகிவிடுவாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதை வேறு யாரிடம் சொன்னாலும் ஆறுதல்தான் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் நல்ல மார்க், தமிழில் அதைவிட நல்ல மார்க். எழுந்திருக்கப் போனவனைக் கம்ப்யூட்டர் டீச்சர் நிறுத்தினார். "சார், ஒரு விசயங்க. கம்ப்யூட்டர் பீரியட்ல தர்ஷினி கைய மடியில வெச்சுக்கிட்டே ஒக்காந்திருக்குதுங்க. மவுசத் தொடுன்னா பக்கத்துப் பொண்ணுகிட்டத் தள்ளி வுட்டுடுது. கேட்டா, 'ஒடஞ்சிடும் மிஸ்'னு சொல்லுதுங்க. வூட்ல பழக்கம் இல்லீங்களா?"

வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "சொல்லிப் பாக்கறங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஒடஞ்சிடும் என்பது என் வார்த்தை. அவள் வேறெங்கும் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் நம் இரண்டு கடைகளும் எதிரெதிரே இருந்தன. என்னுடையது விதையும் உரமும் விற்கிற கடை, உன்னுடையது செல்போன் ரிப்பேர். என் கடையில் தராசுக்கு உறை, பில் மெஷினுக்கு உறை, நாற்காலியில் வாங்கிய அன்று ஒட்டியிருந்த பிளாஸ்டிக் இன்றைக்கும் கிழியாமல் இருக்கிறது. உன் கடையில் மூடியிருந்தது என்று ஒரு பொருள் கிடையாது. ரேடியோ முதுகில்லாமல் பாடும், ஃபேன் கூண்டில்லாமல் சுற்றும். உன் சொந்த போனுக்குப் பின்பக்கமே கிடையாது, பேட்டரியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பாய். என் போனுக்குக் கவர், கவருக்கு மேல் பை. "உன் போனுக்கு ரெண்டு சட்டைடா, ஒனக்கே ஒன்னுதான்" என்பாய். உன் கடை குப்பைமேடு என்று நான் சொல்வேன். அதற்கு நீ கோபித்துக்கொண்டதே இல்லை. பள்ளிக்கூட நாளில் என் அப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைப் பின்பக்கம் கழற்றிப் பார்த்தவன் நீ. நான் அழுது ஊரைக் கூட்டிவிட்டேன். திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, "நின்னு போவலல்ல, அப்புறம் ஏன்டா அழுவற?" என்று கேட்டாய். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அதை நான் கையில் கட்டவில்லை, பெட்டியில் வைத்துவிட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே அப்படித்தான். "எடுத்து வெச்சிருக்கறன்" என்பதுதான் எங்கள் குடும்பத்தின் பெருமை. கல்யாணத்துக்கு வந்த மிக்சி அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது. பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்களில் இதுவரை ஒரு வாய் தண்ணீர் ஊற்றியதில்லை. நல்லது கெட்டதுக்கு ஆகும் என்று வைத்தோம். நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது, டம்ளர்கள் பரணைவிட்டு இறங்கவில்லை.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடியபோது பாப்பாவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பே என் போனுக்குள்தான் நடந்தது. அந்தச் சின்னத் திரைக்குள் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மிஸ், கேக்குதுங்களா மிஸ்" என்று கத்துவதை நீ ஒரு நாள் பார்த்தாய். ஊரடங்கு தளர்ந்ததும், ஸ்பேர் சாமான் வாங்க முதல்முறையாக பெங்களூர் போனவன், திரும்பி வரும்போது ஒரு பையை என் மேசையில் வைத்தாய்.

குறைந்த விலை லேப்டாப்தான். நீலநிற மூடி, பள்ளிக்கூட நோட்டைவிடக் கொஞ்சம் பெரிது, நான்கு மூலையிலும் ரப்பர் வைத்திருந்தது. அதை நீ கையில் எடுத்து, மேசையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, பொத்தென்று விட்டாய். எனக்கு உயிரே போய்விட்டது.

"சின்னப் புள்ளைங்களுக்குன்னே பண்ணதுடா இது. வுழுந்தாலும் தாங்கும். அதுங்க கையில குடுத்துடு. தட்டட்டும், பிக்கட்டும், என்ன வேணாலும் பண்ணட்டும். ஒடஞ்சா நான் இருக்கறன்ல?"

ஒடஞ்சா நான் இருக்கறன்ல. கடைக்குப் போன் கொண்டுவரும் எல்லாரிடமும் நீ சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அன்றைக்கு எனக்கென்று சொன்னாய்.

நீயே வீட்டுக்கு வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கிறது, பாப்பாவுக்குத் தெரியாதே என்று, தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்ன ஸ்டிக்கராக அச்சடித்து வெட்டி, ஒவ்வொரு கட்டையிலும் ஒட்டியிருந்தாய். செல்போன் திருகாணிகளை எடுக்கும் அந்த இடுக்கியால் ஒட்டினேன், கண்ணே போச்சு என்று சொன்னாய். மீந்துபோன ஸ்டிக்கர் தாளைப் பாப்பாவிடம் கொடுத்தாய். அவள் முதலில் தட்டிய எழுத்து அ. திரையில் அ வந்ததும் அவள் திரும்பி உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த அ-வைச் செய்தவன் நீதான் என்பதுபோலப் பார்த்தாள். நீ மேலே எதுவும் சொல்லித்தரவில்லை. அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள், நீ பாட்டுக்கு என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாய். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் இருக்கும்.

அந்த அரை மணி நேரம்தான், டேய். அவள் அதைத் தொட்டது மொத்தமே அவ்வளவுதான்.

நீ போன பிறகு நான் துண்டை எடுத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூட இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். அன்புதான். ஆறு வயதுப் பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிடும், களி தின்ற கையோடு தொடும், மேலே ஏறி உட்காரும். கிளாஸுக்குப் போனே போதும். கொஞ்சம் விவரம் வரட்டும், பெரிய வகுப்பு போகட்டும், அப்போது புதுசாகவே எடுத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "குடுத்துத்தான் பாருங்களேன்" என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். வாங்கியது அவளில்லை, உடைந்தால் பதில் சொல்லப்போவதும் அவளில்லை என்று நான் கத்தியதில் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

தினமும் பதினோரு மணிக்கு டீ வரும். நீ ரோட்டைத் தாண்டி வந்து என் உர மூட்டைமேல் உட்காருவாய். முதல் வாய் டீ குடித்ததும் கேட்பாய்: "பாப்பா தட்டுதா?"

முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், "தட்டுது தட்டுது" என்றேன். அது ஒரு சின்னப் பொய். நீ விடுகிற ஆளா? "என்ன தட்டுனா?" என்றாய். "அம்மா பேர அடிச்சாடா" என்றேன். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம், மாங்காய்ப் படம் வரைந்தாள் என்றேன். பிறகு பேருந்துப் படம். பிறகு ஒன்றாம் வாய்ப்பாடு முழுவதையும் அடித்துவிட்டாள் என்றேன். கதை கட்டுவதில் எனக்கு இத்தனை திறமை இருக்கிறதென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எனக்கே அவள் எங்கேயோ உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பீரோவுக்குள் ஒரு மகளும், வெளியில் ஒரு மகளுமாக இரண்டு பேரை வைத்திருந்தேன்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது வெளியே வரும், ஆயுத பூசைக்கு. கடையில் தராசுக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாப்பாவின் புத்தகங்களோடு லேப்டாப்பையும் சாமி முன்னால் வைப்பேன். நீல மூடியில் மூன்று விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூடியைத் திறந்து ஆன் செய்யும் பொத்தானிலும் ஒரு பொட்டு, சார்ஜர் சொருகும் ஓட்டையிலும் ஒரு பொட்டு. மனசார வைப்பேன். பாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஏனென்றால் பூசையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது, அது அவளுக்கும் தெரியும். மறுநாள் பூசையைப் பிரித்த பிறகுதான் தொடலாம். பீரோவைவிட்டு அது வெளியே வருகிற ஒரே நாள், அதை யாருமே தொடக்கூடாத நாளாகப் போயிற்று.

அவள் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், விஜயதசமி காலை. நான் எழுந்து வரும்போது அவள் குளித்து, பாவாடை சட்டை போட்டு, தலைவாரிப் பொட்டு வைத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எதை ஆரம்பித்தாலும் நன்றாக வரும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். கைகள் இன்னும் முதுகுப்பக்கம்தான் இருந்தன.

"அப்பா, இன்னிக்குத் தொடலாம்ல?"

கடை வாசலில் உர லோடு வந்து நிற்கிறது என்று போன் மேல் போன். நான் அவசரமாகத் துண்டை எடுத்தேன். "சாய்ங்காலம் வந்து நானே ஆன் பண்ணித் தரன். நீயா தொட்டா ஒடஞ்சிடும்." அவள் முன்னாலேயே அதைச் சுற்றி, உள்ளே வைத்து, பூட்டினேன். சந்தனத்தைக்கூடத் துடைக்கவில்லை. சாயங்காலம் அலுத்து வந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வருடம்தான் அவள் அட்டையில் ஒரு லேப்டாப் செய்தாள். தை மாதம் வாடிக்கையாளர்களுக்கு நான் கொடுக்கும் தினசரிக் காலண்டர் இருக்கிறதே, அதன் கெட்டி அட்டைகள் இரண்டை எடுத்து, உர மூட்டையின் வாய் தைத்த நூலால் சேர்த்துக் கட்டியிருந்தாள். ஓர் அட்டையில் திரைக்குக் கட்டம். இன்னொன்றில் வரிசை வரிசையாகக் கட்டைகள், அவற்றின்மேல் நீ கொடுத்த மீந்துபோன ஸ்டிக்கர்கள். ஆன் செய்யும் பொத்தானில் மறக்காமல் குங்குமப்பொட்டு. வாயாலேயே டொய்ங் என்று சத்தம் போட்டு, "அப்பா, ஆன் ஆயிடுச்சு" என்று சொல்லித் தட்டுவாள். நான் அதைப் பார்த்து ரசித்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு, "பாரு, என்ன மூளை பாரு" என்று பெருமைப்பட்டேன். பத்தடி தள்ளிப் பீரோ நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது பிறகு நடந்தது. வாரத்தில் மூன்று நாள் தருமபுரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாய். மற்ற நாட்களில் கடையைத் திறப்பாய். டீயை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பதினோரு மணிக்கு வந்து மூட்டைமேல் உட்காருவாய். என் கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்பாய்: "பாப்பா தட்டுதா?" நான் என் கதைகளைச் சொல்வேன். ஒரு நாள் கேட்டாய், "எடுத்துட்டு வாயேன்டா, ஒருக்கா சர்வீஸ் பண்ணித் தரன். சார்ஜ் போடாம வெச்சாத்தான் அது கெட்டுப்போவும்." பாப்பா கொடுக்க மாட்டேன் என்கிறாள், ஒரு நாள்கூடப் பிரிந்திருக்க மாட்டாள் என்று சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு, "சரி, அவ ஆச" என்றாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த மத்தியானம், நீ பாதி ஆளாகியிருந்தாய். அந்தத் தடித்த விரல்களெல்லாம் எங்கே போயினவோ. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நீ மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாய்.

"பாப்பா தட்டுதா?"

"தட்டுதுடா. நேத்து உன் பேர அடிச்சா."

"சரியா அடிச்சாளா?"

"சரியா அடிச்சா."

நீ சிரித்த மாதிரி இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். களைப்பு என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் நாள் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். துண்டைப் பிரித்தேன். நீல மூடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மூடி சரியாகப் படியாமல் வாய் பிளந்து நின்றது. கீபோர்டு நடுவில் புடைத்து, நீ ஒட்டிய எழுத்துகள் அங்கங்கே எழும்பியிருந்தன. சார்ஜரைச் சொருகப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. ஒடஞ்சா நான் இருக்கறன்ல என்று நீ சொன்னது காதில் கேட்டபடி, கால் தானாக வாசல்வரை போய்விட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. உன் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். எல்லாச் செருப்புகளையும் பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், உனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை பஸ் ஏறித் தருமபுரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். சின்னப் பையன்தான், கெட்டிக்காரன். அடிப்பக்கத்தைக் கழற்றியதுமே கையை எடுத்துவிட்டான்.

"பேட்டரி ஊதிப்போச்சுங்க. அடியிலருந்து எல்லாத்தையும் தூக்கியிருக்குது. போர்டும் அரிச்சிருக்குது. எவ்ளோ நாளா சார்ஜ் போடலீங்க?"

ஆறு வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாளாக, என்றேன். அவன் ஒரு குச்சியால் சார்ஜர் ஓட்டையை நோண்டினான். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

"என்னங்க இது, சந்தனமா?" அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தேயவே இல்லீங்களே சார், ஒரு கட்டகூடத் தேயல. இந்த மாடலுக்கு இப்ப சாமானும் வர்றதில்லீங்க. உபயோகப்படுத்தியிருந்தா இன்னிக்கும் ஓடியிருக்கும்."

தேயவே இல்லை என்று எங்கள் வீட்டில் யாராவது ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பாகங்களைத் திரும்பச் சேர்த்து மூடச் சொல்லி, அதே துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். துண்டை அவள் முன்னால் பிரித்துவைத்துச் சொன்னேன். "பாப்பா, இது போச்சுடா. ரிப்பேர் பண்ண முடியாதாம். அப்பா வேற ஒன்னு வாங்கித் தரன். இத விட நல்லதா."

அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை. "வேணாம்ப்பா. எனக்குக் கம்ப்யூட்டர் வராது."

"இது உன்னுதுடா. ஒனக்குன்னு வாங்குனது."

"உன்னுதுதானேப்பா" என்றாள். கோபமே இல்லை. மேசை அப்பாவுடையது, பைக் அப்பாவுடையது என்று சொல்கிற அதே குரல். கோபித்துக்கொண்டு தூக்கி எறிந்திருந்தால் எனக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். "நல்லவேள, பாய் மாமாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா ரொம்ப வருத்தப்பட்டிருப்பாரு."

அவள் நிமிர்ந்தாள். "மாமாவுக்குத் தெரியுமேப்பா. நான் ரெண்டாவது படிக்கறப்பயே தெரியும்."

ரம்ஜான் அன்று நீ பிரியாணித் தூக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நான் சந்தைக்குப் போயிருந்தேன். அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, திரும்பி வந்தபோது தூக்கு இருந்தது, நீ இல்லை. அன்றைக்கு நடந்ததை அவள் வாயால் நேற்று முன்தினம்தான் கேட்டேன். பாப்பா தன் அட்டை லேப்டாப்பை உன்னிடம் காட்டியிருக்கிறாள். ஸ்டிக்கர்களைப் பார்த்ததும், "அது எங்கடா?" என்று கேட்டிருக்கிறாய். "பீரோல, மாமா. ஆயுத பூசைக்கு அப்பா எடுப்பாரு" என்றிருக்கிறாள். பிறகு, உன் பெயரைத் தட்டச் சொன்னாயாம். அவள் ஒவ்வொரு ஸ்டிக்கராகத் தேடி அழுத்தியிருக்கிறாள். அட்டையில் வரைந்த வெறும் கட்டத்தைக் குனிந்து பார்த்து, "சரியா வருது" என்றாயாம்.

"அப்புறம் என்னடா சொன்னாரு?"

"'நான் கேட்டன்னு அப்பாகிட்டச் சொல்லாத. அவன் நல்லவன்டா, அவனே எடுத்துக் குடுப்பான் பாரு'ன்னு சொன்னாரு."

"நீ?"

"பாத்துக்கிட்டே இருந்தன். அஞ்சாவது வரைக்கும் இருந்தன். மாமா செத்துட்டாருல்ல, அப்புறம் வுட்டுட்டன்."

சொல்லிவிட்டு எழுந்துபோய்த் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அட்டை லேப்டாப் எங்கே என்று பிறகு கேட்டேன். எப்போதோ மழையில் நனைந்து ஊறிப்போயிற்றாம். அவள் அம்மா வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிட்டாள்.

நேற்று முழுக்க ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ரம்ஜானுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் நீ என் முன்னால் அந்த மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டே தினமும் கேட்டிருக்கிறாய். பேருந்து வரைந்தாள், வாய்ப்பாடு அடித்தாள் என்று நான் அளந்ததையெல்லாம் முகம் மாறாமல் கேட்டிருக்கிறாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "டேய் பொய் சொல்லாதடா" என்று என் பிடரியில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா? அத்தனை பொருளையும் கழற்றிப் பார்த்தவன், என்னை மட்டும் ஏன்டா கழற்றவில்லை? உன்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. நானாகவே திறப்பேன் என்று நம்பினாயாம். ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறவன், என்னைப் பற்றி இப்படியா தப்பாக நினைப்பது?

பன்னிரண்டு வயதுதானே, இன்னும் காலம் இருக்கிறது என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். இருக்கலாம். புதிதாக ஒன்று வாங்கலாம், டியூஷன் வைக்கலாம், கற்றுக்கொள்ளவும் செய்வாள், பரீட்சைக்காக. ஆனால் அ-வைத் தட்டிவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பிள்ளையை எந்தக் கடையில் போய்ச் சரிசெய்வேன்? அவளை ஒருவரும் உடைக்கவில்லை. பத்திரமாக எடுத்து வைத்தேன், வைத்த இடத்திலேயே போய்விட்டாள்.

பீரோவை இப்போது பூட்டுவதில்லை. சாவி கதவிலேயே தொங்குகிறது. யாரும் எதையும் எடுப்பதுமில்லை. எத்தனை வருடம் இப்படித் திறந்து கிடந்தாலும் அவள் அதன் பக்கம் கையை நீட்டமாட்டாள் என்று எனக்குத் தெரிகிறது.

இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணி பதினொன்று ஆகிவிட்டது. டீ வந்திருக்கிறது. பழக்கத்தில் பையன் இன்னும் இரண்டு கிளாஸ் கொண்டுவருகிறான், நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எதிரே மூட்டை இருக்கிறது. முதல் வாய் குடித்தால் நீ கேட்பாய் என்று, கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இல்லடா. பாப்பா தட்டல. நீ வந்த அந்த ஒரு நாளத் தவிர, ஒரு நாளும் தட்டல. நான்தான் எடுத்துக் குடுக்கல.